லினக்ஸுக்கு மாறியவர்களின் காரணங்கள்: ஒரு வரலாறு

கணினி வாங்குபவர்களில் பெரும்பாலோர் இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. தயாரித்த நிறுவனமோ விற்ற கடைக்காரரோ எதைப் போட்டுத் தந்தாரோ அதுவே கடைசிவரை ஓடும். அதை அழித்துவிட்டு லினக்ஸை நிறுவிக்கொள்பவர்கள் எந்தக் காலத்திலும் சிறுபான்மையினர்தான். அவர்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்டால், இலவசமாகக் கிடைத்ததால் என்பதே வழக்கமாக வரும் பதில். அந்தப் பதில் பாதி உண்மை. கட்டற்ற மென்பொருளின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மனிதர் தமக்குத் தேவையான ஒரு வேலையைச் செய்ய முயன்று, யாரோ வைத்த பூட்டில் முட்டி நின்றிருக்கிறார். பணம் அந்தப் பூட்டுகளில் ஒன்று மட்டுமே.

யூனிக்ஸ் இயங்குதளத்தை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதத் தொடங்கினார்கள். ஆய்வுக்கூடத்தின் உரிமையாளரான ஏ.டி. அண்டு டி. நிறுவனம் தொலைபேசித் துறையில் ஏகபோகமாக இருந்தது. 1956இல் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி அது கணினி வணிகத்தில் இறங்கக்கூடாது. ஆகவே யூனிக்ஸை மூலநிரலோடு பல்கலைக்கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கொடுத்தது. மாணவர்கள் இயங்குதளம் ஒன்றின் உள்ளுறுப்புகளை வரிவரியாகப் படித்தார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் அந்த மூலநிரலுக்கு ஓர் உரைநூலே எழுதினார். 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம் வகுப்பறையில் மூலநிரலைப் பாடமாக நடத்தத் தடை விதித்தது. லயன்ஸின் உரைநூல் அதன்பின் பல ஆண்டுகள் நகலுக்கு நகலாக எடுக்கப்பட்டு மாணவர்களிடையே கைமாறியது. படிக்க வேண்டும் என்ற ஆசையும் படிக்கக்கூடாது என்ற உரிமமும் மோதிய முதல் இடம் இது.

ஏறக்குறைய அதே காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில் வேறொரு மோதல் நடந்தது. அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், ஆய்வுக்கூடத்தின் பழைய அச்சுப்பொறிக்கான நிரலைத் தாமே திருத்தி வைத்திருந்தார். பல மாடிகளில் இருந்தவர்கள் ஒரே அச்சுப்பொறியைப் பயன்படுத்தினார்கள். தாள் சிக்கிக்கொண்டால் காத்திருப்பவர்களின் திரையில் அந்தத் திருத்தம் செய்தி காட்டும். யாராவது ஒருவர் எழுந்துபோய்ச் சரிசெய்வார். பிறகு ஜெராக்ஸ் நிறுவனம் வேகமான புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தது. அதன் மூலநிரல் வரவில்லை. அதிலும் தாள் சிக்கியது, செய்தி காட்ட வழியில்லாமல் போனது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அந்த மூலநிரல் இருப்பதை அறிந்து ஸ்டால்மன் நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு ஸ்டால்மனை ஆழமாகப் பாதித்தது. 1983 செப்டம்பர் 27 அன்று, யார் வேண்டுமானாலும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய முழு இயங்குதளம் ஒன்றை எழுதப்போவதாக அறிவித்து, அதற்கு க்னூ என்று பெயரிட்டார். தம் எழுத்துக்கு நிறுவனம் உரிமை கொண்டாடிவிடக்கூடாது என்பதற்காக 1984 ஜனவரியில் வேலையை விட்டார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1989இல் வந்த பொதுப்பயன்பாட்டு உரிமம், மென்பொருளைப் பெற்றவர் அதை மாற்றி வெளியிட்டால் அடுத்தவருக்கும் அதே உரிமையைத் தந்தாக வேண்டும் என்று விதித்தது. ஸ்டால்மன் தம் வாழ்க்கைச் செலவுக்கு ஈமாக்ஸ் என்ற உரைத் தொகுப்பியை நாடாவில் பதிவுசெய்து 150 டாலருக்கு விற்றார். இந்த இயக்கத்துக்கு விற்பனையோடு எந்தப் பகையும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1990 தொடங்கும்போது க்னூவிடம் தொகுப்பி, நிரல்மாற்றி, கட்டளைக்கூடு எல்லாம் இருந்தன. வன்பொருளோடு நேராகப் பேசும் கெர்னல் மட்டும் முடியவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் ஒரு மாணவர். நிரப்ப வேண்டும் என்று அவர் நினைத்துத் தொடங்கவுமில்லை.

லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1990இல் அங்கு வந்த யூனிக்ஸ் கணினியில் ஒரே நேரத்தில் 16 பேர்தான் வேலை செய்ய முடியும். மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டும். 1991 ஜனவரியில் அவர் தவணை முறையில் ஒரு 386 கணினி வாங்கினார். அதில் ஓட்டுவதற்கு மினிக்ஸ் வாங்கினார். ஆண்ட்ரூ டேனன்பாம் என்ற பேராசிரியர் பாடம் நடத்துவதற்காக 1987இல் எழுதிய சிறிய இயங்குதளம் அது. மூலநிரல் கூடவே வந்தது. ஆனால் பதிப்பகத்தின் உரிமம் குறுக்கே நின்றது. மினிக்ஸை யாராவது மேம்படுத்தினால் திருத்தத்தை மட்டும் தனியாக வெளியிடலாம். திருத்திய முழு இயங்குதளத்தைப் பிறருக்குக் கொடுக்க முடியாது. வாங்கிய ஒவ்வொருவரும் திருத்தங்களைத் தாமே ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

வீட்டிலிருந்து மோடம் வழியாகப் பல்கலைக்கழகக் கணினியை அடைய மினிக்ஸில் இருந்த முனையம் லினஸுக்குப் போதவில்லை. சொந்தமாக ஒன்று எழுதினார். அதன் வழியே கோப்புகளை இறக்கிச் சேமிக்க வட்டுக்கான நிரல் வேண்டியிருந்தது, அதையும் எழுதினார். பிறகு கோப்பு முறைமை. இப்படி வேலைக்கு வேலை சேர்ந்து, ஒருகட்டத்தில் தாம் எழுதுவது இயங்குதளம் என்று அவருக்கே தெரியவந்தது. 1991 ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் பயனர்களுக்கு அதை அறிவித்தார். பொழுதுபோக்காகச் செய்வது, க்னூ அளவுக்குப் பெரிதாக இருக்காது என்றும் சொன்னார். ஃப்ரீக்ஸ் என்று பெயர் வைக்க நினைத்திருந்தார். நிரலைச் சேவையகத்தில் ஏற்ற உதவிய நண்பர் ஆரி லெம்கே அந்த அடைவுக்கு லினக்ஸ் என்று பெயரிட, அதுவே நிலைத்தது.

முதலில் சேர்ந்தவர்கள் மினிக்ஸ் பயனர்களே. அவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதை ஒரு சிறு நிகழ்ச்சி காட்டும். ஜெர்மனியில் ஒருவரிடம் 2 மெகாபைட் நினைவகம் மட்டுமே இருந்தது. கெர்னலைத் தொகுக்க அது போதவில்லை. அவருக்காக லினஸ் 1991 கிறிஸ்துமஸ் விடுமுறையில், நினைவகத்தில் இடம் போதாதபோது வட்டைப் பயன்படுத்திக்கொள்ளும் வசதியை எழுதிச் சேர்த்தார். மினிக்ஸில் அது இல்லை. கேட்டவர் வாடிக்கையாளர் அல்ல, பணம் கொடுத்தவரும் அல்ல. பயனர்களிடம் பணத்துக்குப் பதிலாக அவரவர் ஊரிலிருந்து அஞ்சலட்டை அனுப்பச் சொன்னவர் லினஸ். அவருடைய கணினித் தவணைக்காகப் பயனர்களே பின்னர் தங்களுக்குள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். எழுதியவருக்கும் பயன்படுத்தியவருக்கும் இடையே இருந்த இந்த உறவு, வணிக மென்பொருளில் எந்த விலைக்கும் கிடைக்காதது. முதல் தலைமுறை லினக்ஸை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று கொள்ளலாம்.

லினக்ஸின் முதல் உரிமம் காசுக்கு விற்பதை முற்றிலும் தடுத்தது. நெகிழ்வட்டில் நகலெடுத்துக் கொடுப்பவர்கள் வட்டின் செலவைக்கூட வாங்க முடியாமல் திணறினார்கள். 1992 தொடக்கத்தில் லினஸ் ஸ்டால்மனின் பொதுப்பயன்பாட்டு உரிமத்துக்கு மாறினார். அதே ஆண்டில் பெர்க்லி பல்கலைக்கழக வழிவந்த யூனிக்ஸ் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 1994இல் அது சமரசத்தில் முடிவதற்குள், வீட்டுக் கணினிக்கு யூனிக்ஸ் தேடியவர்களில் பெருந்தொகையினர் லினக்ஸ் பக்கம் வந்துவிட்டார்கள். வணிக யூனிக்ஸ் ஓடும் பணிநிலையக் கணினி ஒன்றின் விலை அன்று பல ஆயிரம் டாலர். இந்த ஒரு கட்டத்தில் விலையும் பெரிய காரணமாக இருந்தது.

கெர்னலும் கருவிகளும் சேர்ந்த தொகுப்புகளும் தனிமனிதர்களின் தேவையிலிருந்தே பிறந்தன. மினசோட்டாவில் மாணவராக இருந்த பேட்ரிக் வோல்கர்டிங், பாடத்துக்கு ஒரு லிஸ்ப் நிரல்மொழி தேவைப்பட்டு லினக்ஸுக்கு வந்தார். கையில் கிடைத்த தொகுப்பின் பிழைகளைத் திருத்தப்போய் 1993 ஜூலையில் ஸ்லாக்வேரை வெளியிட்டார். அடுத்த மாதமே பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக், அதே பழைய தொகுப்பின் குறைகளால் சலித்து, பலர் கூடி வெளிப்படையாகப் பராமரிக்கும் டெபியனை அறிவித்தார். ஜெர்மனியின் கிளாஸ் நாப்பர், போகுமிடமெல்லாம் மடிக்கணினியைத் தூக்கிச் செல்லாமல் எந்தக் கணினியிலும் தம் கருவிகளைப் பயன்படுத்த ஒரு குறுவட்டு தயாரித்தார். 2000இல் வந்த நாப்பிக்ஸ் அது. வன்வட்டைத் தொடாமல் குறுவட்டிலிருந்தே இயங்கியதால், தயங்கி நின்ற பலர் முதன்முறையாகத் துணிந்து பார்க்க அது வழி செய்தது.

இவர்களைவிட அழுத்தமான காரணம் ஒருவருக்கு இருந்தது. புனேயில் பிறந்த கணினி அறிஞர் டி.வி. ராமன் பார்வையற்றவர். திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் மென்பொருள்கள் அன்று இருந்தன. அவை திரையில் தெரியும் எழுத்துகளை அப்படியே வாசித்தன. அந்த எழுத்துகள் நாள்காட்டியா, நிரலா, கடிதமா என்பது அவற்றுக்குத் தெரியாது. 1994 அக்டோபரில் ராமன், தம் லினக்ஸ் மடிக்கணினிக்காகவும் அலுவலகக் கணினிக்காகவும், ஸ்டால்மனின் ஈமாக்ஸுக்குள் பேச்சைக் குடியேற்றும் ஈமாக்ஸ்பீக்கை எழுதத் தொடங்கினார். மூலநிரல் முழுவதும் கையில் இருந்ததால், பொருளறிந்து பேசும்படி ஒவ்வொரு செயலையும் அவரால் தொட முடிந்தது. மூடிய மென்பொருளில் பார்வையற்ற ஒருவர் நிறுவனத்தின் இரக்கத்துக்குக் காத்திருக்க வேண்டும். இங்கே அவர் தம் கணினியைத் தாமே அமைத்துக்கொண்டார். கட்டற்ற மென்பொருளுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் எல்லா வாதங்களிலும் இது மேலானது. 2006இல் ஓர்கா என்ற திரைவாசிப்பான் க்னோம் திரைச்சூழலோடு சேர்ந்தே வரத் தொடங்கிய பின், தனியாகக் காசு கொடுக்காமலே பார்வையற்றோர் லினக்ஸ் கணினியைக் கேட்டுப் பயன்படுத்த முடிந்தது.

இந்தியாவுக்கு வரும்போது விலை என்ற விளக்கம் அடியோடு சரிகிறது. 1990களில் உதிரிபாகங்களைச் சேர்த்துக் கணினி செய்து தந்த கடைகளில், உரிமம் இல்லாத விண்டோஸ் நகல் தனிக் கட்டணமின்றியே போட்டுத் தரப்பட்டது. கைக்கு வந்தவரையில் இரண்டுமே இலவசம். அப்படியிருந்தும் ஒரு கூட்டம் லினக்ஸைத் தேடிப் போனது.

அவர்களில் பலர் யூனிக்ஸை முதலில் கண்டது இணைய இணைப்பின் வழியே. விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, மாணவர்களுக்குக் கிடைத்த மலிவான கணக்கில் எழுத்துகள் மட்டுமே தெரியும், படங்கள் வராது. அந்தக் கணக்கு நேராகக் கொண்டுபோய் விட்ட இடம் யூனிக்ஸ் கட்டளைவரி. வீட்டிலும் அதேபோன்ற ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று அறிந்தவர்களுக்குத் தொலைபேசி வழியே லினக்ஸை இறக்குவது நடக்காத காரியம். பிசி குவெஸ்ட் இதழ் 1990களின் நடுவில் லினக்ஸ் குறுவட்டை இதழோடு இணைத்துத் தரத் தொடங்கியது. ஒரு வட்டு வாங்கி ஊரெல்லாம் நகலெடுத்தார்கள்; இந்த நகலெடுப்பு சட்டப்படி சரியானது என்பதே பலருக்குப் புதுமையாக இருந்தது. சென்னை, பெங்களூரு, மும்பை நகரங்களில் பயனர் குழுக்கள் உருவாகி, நிறுவத் தெரியாதவர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு வர, தெரிந்தவர்கள் நிறுவிக் கொடுத்தார்கள்.

இந்தக் கட்டத்தில் தமிழ்நாட்டின் பொறியியல் மாணவர்களுக்குக் காரணம் வெளிப்படையானது. பாடத்தில் யூனிக்ஸ் இருந்தது. வேலைவாய்ப்பும் அதில் இருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் கிடைக்கும் நேரம் போதவில்லை. அடுத்த காரணம் வைரஸ். 2000இல் மின்னஞ்சல் வழி பரவிய ‘ஐ லவ் யூ’, 2003இல் பிளாஸ்டர், பிறகு பென் டிரைவ் வழியே கணினிக்குக் கணினி தொற்றியவை என்று அந்தப் பத்தாண்டு முழுவதும் தொல்லை ஓயவில்லை. பென் டிரைவைச் சுத்தம் செய்வதற்காகவே குறுவட்டிலிருந்து லினக்ஸை ஓட்டியவர்களில் சிலர் அதிலேயே தங்கிவிட்டார்கள்.

மூன்றாவது காரணம் தமிழ். 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியேற்றம் வைத்திருந்தது. ஒன்றில் தட்டச்சியதை மற்றொன்றில் திறந்தால் படிக்க முடியாது. ஒருங்குறி (யூனிகோட்) முறையும், 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையும் வழி திறந்தன. கேடிஇ, க்னோம் ஆகிய திரைச்சூழல்களைத் தமிழில் கொண்டுவர 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மலேசியாவிலும் புலம்பெயர் நாடுகளிலும் இருந்த தன்னார்வலர்கள் பணியாற்றினார்கள். அவற்றிலிருந்த ஆயிரக்கணக்கான சொற்றொடர்களைப் பெயர்க்க எந்த நிறுவனத்தின் அனுமதியும் தேவைப்படவில்லை. தமிழுக்குச் சந்தை உண்டா என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ரெட் ஹாட் நிறுவனம் லோகித் எழுத்துருக்களைக் கட்டற்ற உரிமத்தில் தந்ததும் தமிழ் தெளிவாகத் தெரிந்தது. தாய்மொழியில் கணினி வேண்டும் என்பதற்காக லினக்ஸுக்கு வந்தவர்கள் எண்ணிக்கையில் குறைவு. பின்வந்த தமிழ்க் கணிமைக்கு அவர்கள் போட்ட அடித்தளம் பெரிது. 2012இல் தொடங்கிய கணியம் இதழ், லினக்ஸையும் நிரல்மொழிகளையும் எளிய தமிழில் எழுதி, ஆங்கிலத்தால் பின்தங்கிய மாணவர்களுக்குக் கதவு திறந்தது.

திரும்பிப் போனவர்களும் உண்டு, அவர்கள் காரணங்களும் இந்த வரலாற்றைச் சேர்ந்தவை. அன்றைய கணினிகளில் வந்த உள் மோடம்கள் பல, வேலையின் பெரும்பகுதியை விண்டோஸ் மென்பொருளிடம் விட்டிருந்தன. லினக்ஸில் அவை இணைய இணைப்பே தராது. தமிழ் அச்சுத்தொழில் பேஜ்மேக்கரையும் பழைய எழுத்துருக்களையும் நம்பி இருந்ததால், டிடிபி மையங்கள் அசையவே இல்லை. இவை உண்மையான தடைகள். பயனரின் சோம்பல் என்று இவற்றை ஒதுக்கிய ஆர்வலர்கள் இயக்கத்துக்கு நன்மை செய்யவில்லை.

2004 அக்டோபரில் வந்த உபுண்டு, நிறுவுவதில் இருந்த மற்றொரு தடையைப் பெருமளவு குறைத்தது. தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் டெபியனை அடிப்படையாக வைத்து, ஒரே குறுவட்டில் எளிதாக நிறுவும்படி அதைத் தந்தார். கேட்டவர்களுக்கு உலகின் எந்த முகவரிக்கும் குறுவட்டைச் செலவின்றி அனுப்பிய திட்டம் 2011வரை நடந்தது. இந்தியச் சிற்றூர்க் கல்லூரிகளின் விடுதிகளுக்கும் அந்த உறைகள் வந்து சேர்ந்தன.

அரசுகளும் இதே காலத்தில் இறங்கின. ஸ்டால்மன் 2001 ஜூலையில் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார்; கேரள அரசுப் பள்ளிகள் சில ஆண்டுகளில் லினக்ஸுக்கு மாறின. தமிழ்நாட்டு அரசின் எல்காட் நிறுவனம் உமாசங்கர் தலைமையில் அரசுக் கணினிகளில் சூசே லினக்ஸைப் புகுத்தியது. நடுவண் அரசின் சி-டாக் ஆய்வு மையத்தின் சென்னைக் கிளை 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. கேரளத்தில் ஆசிரியர்கள் முதலில் பயிற்சி பெற்றார்கள், பாடப்புத்தகமும் அதற்கேற்ப மாறியது. மடிக்கணினியில் ஓர் இயங்குதளம் இருப்பதும் மாணவர் அதைத் தமக்கென எடுத்துக்கொள்வதும் வேறுவேறு என்பதைத் தமிழ்நாட்டுத் திட்டம் கணக்கில் கொள்ளவில்லை.

மேலை நாடுகளில் மனநிறைவின்மை வேறு வடிவம் எடுத்தது. விண்டோஸின் உரிம ஒப்பந்தத்தில், ஏற்க மறுப்பவர் மென்பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைப் பெறலாம் என்று ஒரு வரி இருந்தது. கணினியோடு கட்டாயமாக வந்த விண்டோஸுக்குப் பணம் திரும்பக் கேட்டு, 1999 பிப்ரவரி 15 அன்று கலிபோர்னியாவில் லினக்ஸ் பயனர்கள் மைக்ரோசாஃப்ட் அலுவலகத்துக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். பணம் கிடைக்கவில்லை, செய்தி பரவியது. 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் அமெரிக்க உளவு அமைப்பின் கண்காணிப்பை வெளிப்படுத்திய பின் அந்தரங்கம் முன்னுக்கு வந்தது. அவரோடு தொடர்புகொண்ட இதழாளர்கள் பயன்படுத்தியது டெய்ல்ஸ் என்ற லினக்ஸ் தொகுப்பு. கணினியில் தடம் விடாமல் பென் டிரைவிலிருந்தே இயங்குவது. 2015இல் வந்த விண்டோஸ் 10 பயனரின் தகவல்களை அளவுக்கு மீறித் திரட்டுவதாக பிரான்சின் தகவல் பாதுகாப்பு ஆணையம் மறு ஆண்டே மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு அறிவிக்கை அனுப்பியது. உள்ளே நடப்பதைப் பலர் பார்த்துச் சரிபார்க்க முடிந்த மென்பொருள் வேண்டும் என்பது அதுவரை நிரலாளர்களின் கோரிக்கையாக இருந்தது. இப்போது வழக்கறிஞரும் செய்தியாளரும் அதையே கேட்டார்கள்.

இன்று பெருங்கூட்டத்தை அழைத்துவருவது பழைய கணினி. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எண்ணற்ற கணினிகள் பாதுகாப்புத் திருத்தம் இன்றிக் கைவிடப்பட்டன. பப்பி, லுபுண்டு போன்ற எடைகுறைந்த தொகுப்புகள் அவற்றில் ஓடின. 2021இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் ஓரளவு புதிய செயலியையும் கட்டாயமாக்கியது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. கணினியில் பழுது எதுவும் இல்லை. விண்டோஸைச் செய்தவர்கள் அந்தக் கணினியின் காலம் முடிந்தது என்று தீர்மானித்தார்கள். அத்தகைய கணினி வைத்திருப்பவர் அதைக் காயலான் கடைக்குக் கொடுக்கும் முன், லினக்ஸ் மின்ட் போன்ற ஒரு தொகுப்பைப் பென் டிரைவில் எழுதி, வன்வட்டில் எதையும் அழிக்காமல் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, அச்சுப்பொறி, தமிழ்த் தட்டச்சு ஆகியவை வேலை செய்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொண்டு அதன்பிறகே நிறுவ வேண்டும்.